எண் சாண் உடம்பும் எலெக்ட்ரிக் காரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் ஷோரூமில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காரணம், என் கையில் இருந்த டேப். தையல்காரர் கழுத்தில் மாலை மாதிரி தொங்குமே, அந்த இஞ்ச் டேப். இல்லத்தரசியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து (அனுமதியில்லாமல்) எடுத்து வந்தது.

"ஸார், எதுக்கு ஸார் டேப்பு? எல்லா அளவும் கேட்லாக்லயே இருக்கே!" என்றார் ஸேல்ஸ் தம்பி.

"கேட்லாக்ல கார் அளவு இருக்கு தம்பி. எங்க அம்மா அளவு இல்லையே" என்றேன்.

அவர் சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் டிக்கெட்டுகள் ஐந்து. நான், இல்லத்தரசி, ஆறாவது படிக்கும் மூத்தவள், ஒன்றாவது படிக்கும் இளையவன், அப்புறம் அம்மா. வீட்டில் இருப்பது பத்து வருஷத்துப் பழைய சின்ன கார். வருஷத்துக்கு ஒரு முறையாவது கும்பகோணம் பக்கத்தில் குலதெய்வத்தைப் பார்த்து ஆஜர் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று வருஷமாக அம்மா வருவதில்லை. "முட்டி வலிப்பா. நீங்க போய்ட்டு வாங்க. எனக்கும் சேத்து விபூதி வாங்கிட்டு வா" என்பாள். நாங்களும் "பாவம், முட்டி வலி" என்று எழுதிவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

இந்த வருஷம் காரை மாற்றுவது என்று முடிவாயிற்று. பெட்ரோல் போடும் செலவையும் வீட்டில் சார்ஜ் போடும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். (பி.காம். படித்தவனுக்கு இரண்டு காலம் போட்ட பேப்பர் கிடைத்தால் போதும், உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவான்.) எலெக்ட்ரிக்தான் என்று தீர்மானம். அதிலும் எஸ்.யு.வி. 'எஸ்.யு.வி. என்றால் உள்ளே தாராளமாக இடம் இருக்கும்' என்று நானும் உங்களைப் போல அப்பாவியாக நம்பியவன்தான்.

* * *

முதல் தடவை போனபோது நானும் இல்லத்தரசியும் மட்டும். ஸேல்ஸ் தம்பி பின் கதவைத் திறந்து, "உக்காந்து பாருங்க ஸார்" என்றார். உட்கார்ந்தேன். ஆஹா! கால் மேல் கால் போடலாம். பேப்பரை விரித்துப் படிக்கலாம். ராஜ தர்பார்.

இல்லத்தரசி மட்டும் முன் ஸீட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த முன் ஸீட்ல யார் உக்காருவா? நம்ம சின்னவனா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். டிரைவர் ஸீட்டை முடிந்த மட்டும் முன்னால் தள்ளி, ஸ்டீயரிங்கோடு ஒட்டவைத்திருந்தார்கள். நான் அதில் உட்கார வேண்டுமென்றால் கால்களைக் கழற்றி டிக்கியில் வைக்க வேண்டும்.

ஆகவே, முதல் பாடம். டிரைவர் ஸீட்டில் நீங்கள் உட்கார்ந்து, நிஜமாகவே ஓட்டப்போகிற மாதிரி ஸீட்டை அட்ஜஸ்ட் செய்யுங்கள். அதைத் தொடாமல் இறங்கி, பின்னால் போய் உங்களுக்குப் பின்னாலேயே நீங்கள் உட்காருங்கள். உங்கள் முட்டிக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் சௌக்கியம். அரைச் சாண் இருந்தால் சமாளிக்கலாம். விரல்கடைதான் இருக்கிறது என்றால், தம்பி கொடுத்த காபிக்கு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

* * *

இப்போது கொஞ்சம் வரிக்கணக்கு. பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம் நாட்டில் இத்தனை கார்கள் நாலு மீட்டருக்கு நூலிழை குறைவாக இருக்கின்றனவே, ஏன் தெரியுமா? 2006ம் வருஷ பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம், நாலு மீட்டருக்கு மிகாத, சின்ன எஞ்சின் வைத்த கார்களுக்குக் கலால் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். அன்று முதல் கார் கம்பெனிகள் காரை மீட்டர் ஸ்கேல் வைத்து வெட்ட ஆரம்பித்தன. அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. வந்தும் அந்த நாலு மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பரில் வரியை மாற்றியபோதும் சின்ன பெட்ரோல் காருக்கு 18, பெரிசுக்கு 40 என்று பழைய கோட்டின் மேலேயே கோடு போட்டார்கள்.

எலெக்ட்ரிக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. 2019 ஆகஸ்ட் முதல் நீளமானாலும் குட்டையானாலும் 5 சதவிகிதம்தான். அதாவது, எலெக்ட்ரிக் காரை நாலு மீட்டருக்குள் அடக்க வேண்டும் என்று வரிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இதற்குக் கண்கூடான உதாரணம் மஹிந்திரா. அவர்களுடைய எக்ஸ்.யு.வி.300 பெட்ரோல், டீஸல் கார் 3,995 மில்லிமீட்டர் நீளம். அதை அடிப்படையாக வைத்து 2023 ஜனவரியில் எக்ஸ்.யு.வி.400 என்று எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தபோது, நீளத்தை 4,200 ஆக்கிவிட்டார்கள். எட்டு அங்குலம் கூடுதல்! சரி, அந்த எட்டு அங்குலம் யாருக்குப் போயிற்று? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வீல்பேஸ், இரண்டிலும் அதே 2,600தான். ஆகவே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிசாக ஒன்றும் கிடைக்கவில்லை. பெரும்பங்கு பெட்டிகளுக்குப் போயிற்று. டிக்கி சுமார் 260 லிட்டரிலிருந்து 378 லிட்டராக வளர்ந்தது. உங்கள் வீட்டில் மனிதர்கள் குறைவு, மூட்டை அதிகம் என்றால் லாபம். மனிதர்களுக்குத்தான் இடம் வேண்டும் என்றால் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். காரின் நீளம், சம்பளத்தில் 'கிராஸ்' மாதிரி. வீல்பேஸ்தான் 'டேக் ஹோம்'.

ஹ்யுண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் வந்தது. 4,340 நீளம், 2,610 வீல்பேஸ். அதற்கு முன்பே 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ஸரைப் பாருங்கள். நீளம் 4,295. அதாவது ஒண்ணே முக்கால் அங்குலம் குட்டை. ஆனால் வீல்பேஸ் 2,700. மூன்றரை அங்குலம் ஜாஸ்தி! (வின்ஸர் தன்னை எஸ்.யு.வி. என்று சொல்லிக்கொள்வதில்லை, சி.யு.வி. என்கிறது. இனிஷியலில் என்ன இருக்கிறது? முட்டி இடிக்கிறதா என்பதுதான் கேள்வி.) முதலில் பெட்ரோலுக்காகச் செய்து பிறகு பேட்டரி பொருத்திய காருக்கும், ஆரம்பத்திலிருந்தே பேட்டரிக்காகச் செய்த காருக்கும் இதுதான் வித்தியாசம். எஞ்சின் என்கிற பெரிய குடித்தனக்காரர் காலி செய்துவிட்டதால், சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளிவிட முடிகிறது.

2024 நவம்பரில் நம்ம சென்னையிலேயே அறிமுகமான மஹிந்திராவின் பி.ஈ.6, எக்ஸ்.ஈ.வி.9ஈ இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2,775. நீளத்தில் மட்டும் ஒன்றே கால் அடிக்கு மேல் வித்தியாசம். டிக்கி ஒன்றில் 455 லிட்டர், மற்றதில் 663.

* * *

டிக்கி என்றதும் ஒரு சந்தேகம் வந்தது. அரிசியைக் கிலோவில் அளக்கிறோம், பாலை லிட்டரில் அளக்கிறோம். சூட்கேஸை எப்படி லிட்டரில் அளக்கிறார்கள்? டிக்கியில் தண்ணீர் ஊற்றியா?

இல்லை. ஜெர்மனி முறை ஒன்று இருக்கிறது. 200க்கு 100க்கு 50 மில்லிமீட்டரில் சின்னக் கட்டைகள். ஒரு கட்டை ஒரு லிட்டர். நம்மூர் செங்கல்லில் பாதி இருக்கும். அதை டிக்கிக்குள் சந்து பொந்தெல்லாம் அடுக்கி எண்ணுகிறார்கள். 350 கட்டை பிடித்தால் 350 லிட்டர். அதிலும் சிலர் பின் ஸீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டு வரை அடுக்குவார்கள். சிலர் கூரை வரை அடுக்கிவிட்டு, 'எங்க டிக்கிதான் பெரிசு' என்பார்கள். ஆகவே இரண்டு கார்களின் லிட்டரை ஒப்பிடும்போது, 'எது வரைக்கும் அளந்தது?' என்று கேளுங்கள்.

நாம் ஊருக்குக் கட்டைகளையா எடுத்துப்போகிறோம்? 350 லிட்டர் என்றால் கணக்குப்படி 20 லிட்டர் தண்ணீர் கேன் பதினேழு. ஏற்றிப் பாருங்கள், பாதி ஏறினால் உங்களுக்குப் பரிசு. உருண்டையான சாமானுக்கு நடுவே காற்றுதான் பிரயாணம் செய்யும். நமக்கு வேண்டியது இரண்டு பெரிய பெட்டி, ஒரு கட்டைப்பை, பூஜைக்கூடை. திரும்பி வரும்போது சித்தப்பா கொடுத்தனுப்பும் 25 கிலோ அரிசி சிப்பம், பத்துத் தேங்காய், 'வேண்டாம்' என்று சொல்லியும் ஏற்றிவிடும் ஒரு பலாப்பழம். நான் பெரிய பெட்டி இரண்டையும் ஷோரூமுக்கே எடுத்துப்போய்விட்டேன். வாட்ச்மேன், "குடி வந்துட்டீங்களா ஸார்?" என்றார். கேட்டுவிட்டுப் போகட்டும். பெட்டி படுக்கவில்லை, குறுக்காக நின்றது என்கிற உண்மை எந்தக் கேட்லாக்கிலும் கிடைக்காது.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டெப்னி எங்கே என்று கேளுங்கள். சில எலெக்ட்ரிக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் ஒட்டும் பசையும் பம்பும்தான் தருவார்கள். தனியாக வாங்கி டிக்கிக்குள் வைத்தால், அந்த லிட்டர் கணக்கில் ஒரு பெரிய வட்டம் கழித்தல். இரண்டாவது, பின் ஸீட் சாய்கிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். சாயட்டும். எங்கே சாய்கிறது? டிக்கிக்குள். ஸீட்டை நிமிர்த்தி வைத்து டிக்கியை அளந்து, அப்புறம் ஸீட்டைச் சாய்த்து சுகத்தை அளப்பது, ஒரே சொத்தை இரண்டு தடவை பாலன்ஸ் ஷீட்டில் காட்டுகிற வேலை. ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

* * *

இரண்டாம் தடவை. பெட்டிகள், டேப், குழந்தைகள், இல்லத்தரசி, எல்லோருக்கும் மேலாக அம்மா. வலுக்கட்டாயமாக அழைத்துப்போனேன்.

பின்னால் மூன்று பேர் உட்காரலாம் என்று எல்லா எஸ்.யு.வி.யும் சொல்கிறது. உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது, மூன்று பேர் என்பது இரண்டு பேரும் ஒரு தியாகியும். நடுவில் உட்காருபவருக்கு ஸீட் கொஞ்சம் மேடு. முதுகில் கை வைக்கும் பலகை மடங்கி உறுத்தும். காலடியில் சில கார்களில் பெட்ரோல் காலத்து மேடு அப்படியே இருக்கும். பேட்டரிக்கென்றே பிறந்த கார்களில் தரை சமதளம், மூத்தவள் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நடு ஸீட்டுக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், தலைக்குத் தலையணை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தியாகிக்கும் உயிர் உண்டு.

அடுத்தது தலை. கண்ணாடிக் கூரை பார்க்க அழகு. ஆனால் அது பல கார்களில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று உயரத்தைத் தின்றுவிடுகிறது. பின்பக்கம் சரிந்து இறங்கும் ஸ்டைல் கூரை இருந்தால் இன்னும் கொஞ்சம் போச்சு. தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழைய வேண்டும். கொண்டை போட்டவர்கள் கொண்டையோடு அளக்கவும்.

பிறகுதான் எனக்கு முக்கியமான பாடம் கிடைத்தது. அதைச் சொல்லிக்கொடுத்தது அம்மா.

முதல் காரில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். முட்டிக்கு முன்னால் ஒரு சாண் இடம் தாராளமாக இருந்தது. டேப் பிடித்துக் காட்டினேன். அம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னம்மா, இடம் போதலையா?"

"இடமெல்லாம் இருக்குப்பா. ஆனா பஸ்ஸுல சக்கரத்து மேல ஒரு ஸீட்டு இருக்குமே, அதுல உக்காந்த மாதிரி இருக்கு."

நான் அசந்துபோனேன். எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இவ்வளவு துல்லியமாக ஒருவரும் சொன்னதில்லை. எலெக்ட்ரிக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் பாயாக விரிந்திருக்கிறது. அதற்காகத் தரை உயர்ந்துவிடுகிறது. ஸீட்டையும் அதே அளவு உயர்த்தினால் தலை இடிக்கும், கூரையையும் உயர்த்தினால் காற்று தடுத்து, சார்ஜ் சீக்கிரம் தீரும். ஆகவே தரையை உயர்த்திவிட்டு ஸீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளைவு, முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், தொடை ஸீட்டில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பில். ஷோரூமில் ஐந்து நிமிஷத்தில் தெரியாது, திண்டிவனம் தாண்டினால் தெரியும். எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். எலெக்ட்ரிக் காரின் பின் ஸீட்டில் தொடையே பிரதானம்!

சோதனை சுலபம். பாதத்தைத் தரையில் சமமாக ஊன்றி உட்கார்ந்து, தொடைக்கு அடியில் முட்டிப் பக்கமாகக் கையை நுழையுங்கள். கை முட்டிமுட்டிப் போனால் நல்ல ஸீட். விரல்கள் மட்டும் கஷ்டமில்லாமல் போனால் பரவாயில்லை. உள்ளங்கை, மணிக்கட்டு என்று முழங்கை வரை ஊர்வலம் போனால், வேறு கார் பாருங்கள். முன் ஸீட்டைக் கீழே இறக்கினால் பின்னால் இருப்பவர் பாதம் அதற்கடியில் நுழைகிறதா என்றும் பாருங்கள். கால் நீட்ட முடிந்தால் தொடை கொஞ்சம் படியும்.

இரண்டாவது காரில் ஸீட் உயரம் சரியாக இருந்தது. தொடை படிந்தது. அம்மா உட்கார்ந்தாள், சாய்ந்தாள், "ம்ம்... இது பரவாயில்ல" என்றாள். எனக்கு வெற்றிப் புன்னகை.

"சரிம்மா, எறங்கு. மூணாவதையும் பாத்துடலாம்."

அம்மா இறங்கவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்தாள். இன்னொரு கைக்குப் பிடி தேடினாள். வாசலில் நின்றிருந்த எங்கள் நாலு பேரையும், ஸேல்ஸ் தம்பியையும் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போங்க. நான் மெள்ள எறங்கி வரேன்."

"ஏம்மா, வலிக்குதா?"

"வலியெல்லாம் எப்பவும்தான்பா. உக்கார்றது எனக்குக் கஷ்டமே இல்ல. இந்த எறங்கறதுதான். நான் எறங்கற வரைக்கும் எல்லாரும் நின்னு பாத்துட்டே இருப்பீங்க. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். காப்பி குடிக்க ஒரு தடவை, பிள்ளைங்களுக்கு ஒரு தடவை, கோயில்ல ஒரு தடவைன்னு எத்தனை எறக்கம்! உங்களுக்கெல்லாம் எதுக்கு இம்சைன்னுதான் வேணாம்னேன்."

மூன்று வருஷமாக 'முட்டி வலி' என்ற தலைப்பில் நான் எழுதிவைத்திருந்த செலவு, நிஜத்தில் வேறு கணக்கில் எழுத வேண்டியது. இல்லத்தரசி ஒன்றும் பேசாமல் காருக்குள் கையை நீட்டி, "அத்தை, இந்தப் பக்கம் திரும்பி ரெண்டு காலையும் மொதல்ல வெளிய வைங்க. அவசரமே இல்ல" என்றாள். நான் குழந்தைகளை இழுத்துக்கொண்டு, மூன்றாவது காரின் கலரை மும்முரமாகப் பார்க்கப் போனேன்.

அப்புறம் டேப் வேறு இடங்களை அளந்தது. தரையிலிருந்து கார் வாசற்படி ஒன்றரை அடி. எங்கள் வீட்டு மாடிப்படி ஏழு அங்குலம். அப்படியென்றால் இரண்டரைப் படியை ஒரே எட்டில் ஏற வேண்டும்! ஸீட் உயரம், வெளியே நின்றபடி பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தால், ஏறாமல் இறங்காமல் வாட்டமாக இருக்க வேண்டும். பின் கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, வாசற்படி எவ்வளவு அகலம், புடைவை அதில் துடைக்கிறதா, கூரையோரம் கைப்பிடி இருக்கிறதா... இதில் ஒன்றுகூட கேட்லாக்கில் இல்லை. லிட்டரும் மில்லிமீட்டரும் உட்கார்ந்த பிறகு உள்ள கணக்கு. உட்காரும் முன்பும் எழுந்த பின்பும் உள்ள கணக்கை நாம்தான் போட வேண்டும்.

* * *

கார் வாங்கப்போகும் வாசக அன்பர்களுக்கு: ஸ்கிரீன் எத்தனை அங்குலம், கூரை கண்ணாடியா, பாட்டு எத்தனை ஸ்பீக்கரில் வரும், எல்லாம் கேளுங்கள். ஆனால் வீட்டில் யாருக்குக் கார் பிரயாணம் அதிகக் கஷ்டமோ, அவரை முதலில் ஏற்றி, பத்து நிமிஷம் உட்காரவைத்து, இறக்கிப் பாருங்கள். அவர் பாஸ் பண்ணினால் மற்றவர்களுக்குக் கிரேஸ் மார்க் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் எதை வாங்கினேன் என்கிறீர்களா? அம்மா நாலு ஷோரூமில் ஏறி இறங்கி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் ஆசைப்பட்டது அதுவல்ல. அதற்குக் கண்ணாடிக் கூரை இல்லை, இளையவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை (சொந்தச் சமையலை மட்டும்தான். பிஸ்கட் சாப்பிட்டான்). ஆனால் வாசற்படி தாழ்வு, கதவு அகலம், அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பிடி. புக் பண்ணியாயிற்று. குலதெய்வத்துக்கு இந்த வருஷம் ஐந்து டிக்கெட்டும் ஆஜர்.

"மடில ஒரு தலகாணி வச்சுக்கறேன். பாதி வழில ரெண்டு தடவ நிறுத்து" என்றாள் அம்மா.

"எத்தனை தடவை வேணும்னாலும் நிறுத்தலாம்மா. எப்படியும் சார்ஜ் போட நிக்கணும்" என்றேன்.

எலெக்ட்ரிக் கார் வழியில் நிற்கும் என்று கேலி செய்கிறவர்களுக்கு, நான் சொல்லிக்கொள்வது அவ்வளவுதான்.